ஒரே வரி கமாண்டில் முழு லேப்டாப் பேக்கப்: 'கிளவுட் இருக்கே' என்பது ஏன் பூண்டியில் எடுபடாது?

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாக மேல்மலைக்குப் போகிற ரோட்டில், கவுஞ்சியைத் தாண்டினால் பூண்டி வரும். அதற்கடுத்து கேரள எல்லைப் பக்கம் கிளாவரை. படிப்படியாக இறங்குகிற வயல்களில் மலைப்பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ். வீக்எண்டுக்கு வருகிற கூட்டம் ஒரு பக்கம். 'மலையில் இருந்தே வேலை' என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிற ஐடி ஆட்கள் இன்னொரு பக்கம். சொந்த ஊரிலேயே ஹோம்ஸ்டே, கல்யாண போட்டோ, பூண்டு வியாபாரம் என்று தொழில் செய்கிற இளைஞர்களும் இருக்கிறார்கள். இந்த எல்லோருக்கும் பொதுவான விஷயம் ஒன்று: வேலை மொத்தமும் ஒரே ஒரு லேப்டாப்பில் கிடக்கிறது.

அந்த லேப்டாப் நாளைக்குக் காலையில் ஆன் ஆகவில்லை என்றால்?

"அதான் கிளவுட் இருக்கே" என்பதுதான் பெரும்பாலானவர்களின் பதில். அந்தப் பதில் பாதிதான் சரி என்பது என் கருத்து. மீதிப் பாதிக்கு நமக்கு வேண்டியது ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், ஒரு கறுப்புத் திரை, அதில் டைப் செய்ய ஒரு வரி. காசு கொடுத்து வாங்கும் ஆப் எதுவும் வேண்டாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

உங்கள் லேப்டாப்பில் 500 ஜிபி டேட்டா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மலைக்கிராமத்து நெட்வொர்க்கில் அப்லோடு வேகம் 5 எம்பிபிஎஸ் கிடைக்கிறது. அதுவும் இடைவிடாமல் கிடைக்கிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். முழு டேட்டாவும் கிளவுடுக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகும்?

சுமார் 222 மணி நேரம். அதாவது 9 நாளுக்கு மேல்.

இதே 500 ஜிபியை நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதும் சாதாரண யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற ஒன்றரை மணி நேரம் போதும். டீ குடித்து, ஒரு படம் பார்த்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

அந்த 9 நாளில் ஒரு மழை வந்தால் கதை வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவோடு நிற்கவில்லை, கொடைக்கானல் மலையையும் புரட்டிப்போட்டது. மரங்கள் சாய்ந்தன, ரோடுகள் அடைபட்டன, மலைக்கிராமங்கள் கரண்ட் இல்லாமல் தவித்தன. கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். அப்போது கிளவுடில் இருக்கிற பேக்கப் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனா உங்க கைக்கு வராது.

சிங்க் வேறு, பேக்கப் வேறு

இந்த இரண்டையும் ஒன்று என்று நினைப்பதுதான் பெரிய சிக்கல். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் மாதிரியான சேவைகளின் முக்கிய வேலை சிங்க். லேப்டாப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் கிளவுடிலும் இருக்கும். லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரை டெலீட் செய்தால் கிளவுடிலும் அது டெலீட் ஆகும். குப்பைத்தொட்டியில் சில நாள் கிடக்கும். அதற்குள் கவனித்தால் தப்பிக்கலாம், இல்லையென்றால் அவ்வளவுதான்.

ரேன்சம்வேர் வந்து ஃபைல்களைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்தான் சிங்க் ஆகும். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் தாக்கப்பட்டது நினைவிருக்கும். நாட்டின் பெரிய அரசு மருத்துவமனையில் ஓபி பதிவில் இருந்து லேப் ரிப்போர்ட் வரை பல நாட்கள் பேனா, பேப்பரில்தான் நடந்தன.

"பெரிய டேட்டா, எப்படி பேக்கப் எடுப்பது?" என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா உதாரணம். 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் உள்ள அரசு டேட்டா சென்டரில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலை ஃபைல்களைச் சேமித்துவைத்த 'ஜி-டிரைவ்' என்கிற கிளவுட் அழிந்துபோனது. அளவு 858 டெராபைட். வெளியே இன்னொரு பிரதி இல்லை. அவ்வளவு பெரிய சேமிப்புக்கு வெளிப்பிரதி எடுக்க அதன் அமைப்பு இடம் தரவில்லை என்று அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டது. உலகின் வேகமான இன்டர்நெட் உள்ள நாடுகளில் ஒன்றில் நடந்த கதை இது.

கிளவுட் என்பது யாரோ ஒருவரின் கட்டடத்தில் ஓடும் கம்ப்யூட்டர்தான். அதுவும் எரியும்.

டிஸ்க் இமேஜ் என்றால் என்ன?

ஃபைல்களைக் காப்பி-பேஸ்ட் செய்வது வீட்டில் இருக்கும் சாமான்களை மட்டும் எடுத்துவைப்பது மாதிரி. டிஸ்க் இமேஜ் என்பது வீட்டையே, ஆணி அடித்த இடம் உட்பட, அப்படியே பிரதி எடுப்பது. ஆபரேட்டிங் சிஸ்டம், செட்டிங்ஸ், நீங்கள் நிறுவிய சாஃப்ட்வேர், மறைந்திருக்கும் ஃபைல்கள், பார்ட்டிஷன் அமைப்பு என டிஸ்க்கில் இருக்கும் ஒவ்வொரு பிட்டும் ஒரே ஃபைலாக மாறும். லேப்டாப் செத்துப்போனால், புது டிஸ்க்கில் அந்த ஃபைலைத் திருப்பி எழுதினால் போதும். முந்தாநாள் இருந்த அதே மெஷின் திரும்ப வந்துவிடும். மறுபடி எல்லாவற்றையும் இன்ஸ்டால் செய்து இரண்டு நாளைத் தொலைக்க வேண்டியதில்லை.

லினக்ஸில் இதற்கான பழைய, எளிய கருவி 'டிடி'. 1970-களில் யூனிக்ஸோடு வந்தது. அரை நூற்றாண்டாகியும் இன்றும் எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. இதற்கு இரண்டு விஷயம் சொன்னால் போதும். 'ஐஎஃப்' என்றால் எதிலிருந்து படிக்க வேண்டும், 'ஓஎஃப்' என்றால் எதில் எழுத வேண்டும். அவ்வளவுதான் அதன் மூளை. கேள்வி கேட்காது, 'நிச்சயமா?' என்று உறுதிப்படுத்தாது, சொன்னதைச் செய்யும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிளே 'ஹெச்டிஐ-யுட்டில்' என்ற கமாண்டைக் கொடுத்திருக்கிறது. ஒரு ஃபோல்டரைக் காட்டினால் அதை ஒரே டிஎம்ஜி ஃபைலாகச் செய்துவிடும். தனியாக எதுவும் சொல்லாவிட்டாலும் சுருக்கியே எழுதும். விண்டோஸில் 'டிஐஎஸ்எம்' என்ற கமாண்டுக்கு ஒரு பார்ட்டிஷனைப் படம் பிடித்துச் சுருக்கும் வசதி உண்டு. மூன்றுக்கும் தனியாகக் காசு கிடையாது.

500 ஜிபி எப்படி 200 ஜிபி ஆகிறது?

டிடி வெறும் பிரதி எடுக்கும், சுருக்காது. 500 ஜிபி டிஸ்க்கில் 120 ஜிபிதான் பயன்படுத்தியிருந்தாலும், காலி இடத்தையும் சேர்த்து 500 ஜிபி ஃபைலைத்தான் கொடுக்கும். அதனால்தான் அதன் வெளியீட்டை அப்படியே ஒரு சுருக்கும் கருவிக்குள் விடுகிறோம். இரண்டு கமாண்டுக்கும் நடுவில் ஒரு நேர்க்கோடு போடுவோம், அதற்குப் பெயர் 'பைப்'. ஒரு குழாயில் இருந்து அடுத்த குழாய்க்குத் தண்ணீர் போகிற மாதிரி.

சுருக்குவதில் மாயம் எதுவும் இல்லை. பூண்டு வியாபாரியின் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 'வடுகபட்டி' என்று 400 இடத்தில் எழுதியிருக்கிறது. 400 முறையும் முழுப் பெயரை எழுதாமல், 'இத்தனை எழுத்து பின்னால் போய் அதே வார்த்தையை எடுத்துக்கொள்' என்று ஒரு சின்னக் குறிப்பு எழுதினால் இடம் மிச்சம். 1977-ல் ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் என்ற இருவர் வெளியிட்ட இந்த யோசனைதான் ஜிப் ஃபைலில் இருந்து 1992-ல் வந்த 'ஜிஜிப்', 2016-ல் ஃபேஸ்புக் வெளியிட்ட 'இசட்-ஸ்டாண்டர்ட்' வரைக்கும் அடிப்படை. ஜிஜிப் எங்கேயும் இருக்கும். இசட்-ஸ்டாண்டர்ட் அதைவிட ரொம்ப வேகம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் சிபாரிசு இரண்டாவது.

இதில் ஒரு எழுத்துகூடக் காணாமல் போகாது. விரித்தால் பழையபடி அதே பிட்டுகள் வரும். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினால் தரம் குறைகிறதே, அந்த மாதிரிச் சுருக்கல் இது அல்ல.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். டெக்ஸ்ட், கணக்கு ஃபைல், டேட்டாபேஸ், காலி இடம் எல்லாம் நன்றாகச் சுருங்கும். ஜேபெக் போட்டோ, எம்பி4 வீடியோ ஏற்கெனவே சுருங்கியவை, அவற்றில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. கல்யாண வீடியோ எடுப்பவர் 500 ஜிபியை 200 ஆக்கலாம் என்று நம்பக்கூடாது. அதேபோல, பிட்லாக்கர் போட்டுப் பூட்டிய டிஸ்க்கை வெளியில் இருந்து இமேஜ் எடுத்தால் எதுவுமே சுருங்காது. பூட்டிய டேட்டாவில் திரும்பத் திரும்ப வரும் வடிவம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, அதுதானே பூட்டின் வேலையே.

கொடைக்கானல் மலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது

பேக்கப் பற்றிப் பேச நாம் சிலிக்கான் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டியதில்லை. கொடைக்கானலில் 1899-ல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் போதும். 1870-களின் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனின் போக்குக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி இந்த ஆய்வகம் உருவானதன் பின்னணியில் இருந்தது. இப்போது இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இதை நடத்துகிறது. 1909-ல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்ததும் இங்கேதான்.

1904-ல் இருந்து வெண்ணொளியில் சூரியனைப் படம் எடுத்து வந்திருக்கிறார்கள். 1907-ல் இருந்து கால்சியம் ஒளியில், 1912-ல் இருந்து ஹைட்ரஜன் ஒளியில். உலகப்போர்கள், சுதந்திரம், எமர்ஜென்சி என்று எது வந்தாலும், வானம் திறந்திருந்தால் படம். கண்ணாடித் தகட்டிலும் ஃபிலிமிலும் நூறு வருடச் சூரியன் சேர்ந்தது.

இந்தத் தகடுகளை முதலில் 8 பிட்டில் டிஜிட்டல் ஆக்கினார்கள். அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் 256 படிகள்தான். பிறகு இன்னும் நல்ல கேமரா வந்ததும், 4096-க்கு 4096 பிக்சல் அளவில், 16 பிட்டில், அதாவது 65,536 படிகளில் மறுபடியும் முதலில் இருந்து செய்தார்கள். இன்று சூரியனின் நூறாண்டு நடத்தையை ஆராய்பவர்கள் அந்தப் பிரதிகளைப் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது முறை செய்ய முடிந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. 'டிஜிட்டல் ஆயிடுச்சு' என்று மூலத்தைத் தூக்கிப் போடவில்லை. இதுதான் நமக்கும் பாடம். தரம் குறைத்த பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்தால், பத்து வருடம் கழித்து நல்ல கருவி வரும்போது கையில் எதுவும் இருக்காது. எதையும் இழக்காத பிரதியை ஒரு இடத்திலாவது வையுங்கள்.

சரி, எப்படிச் செய்வது?

லினக்ஸ் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விண்டோஸ் லேப்டாப்புக்கும் இதே வழி பொருந்தும்.

1. உபுண்டு மாதிரி ஏதாவது ஒரு லினக்ஸை யுஎஸ்பி டிரைவில் போட்டு, அதிலிருந்து லேப்டாப்பை ஆன் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தை அப்படியே இமேஜ் எடுத்தால், எடுத்து முடிப்பதற்குள் ஃபைல்கள் மாறிப் பிரதி குழம்பிவிடும்.

2. எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் சொருகுங்கள். அது எஃப்ஏடி32 ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் எழுத முடியாது. எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றினால் அதில் இருப்பது அழிந்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

3. 'எல்எஸ்பிஎல்கே' என்று டைப் செய்தால் சொருகியிருக்கும் டிஸ்க்குகள் எல்லாம் அளவோடு வரிசையாகத் தெரியும். எது லேப்டாப் டிஸ்க், எது எக்ஸ்டர்னல் என்று பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். மிகையாகச் சொல்லவில்லை, எழுதியே வைத்துக்கொள்ளுங்கள்.

4. டிடி கமாண்டில் 'ஐஎஃப்' இடத்தில் லேப்டாப் டிஸ்க்கின் பெயர். 'ஓஎஃப்' எழுத வேண்டாம். அடுத்து பைப் கோடு, இசட்-ஸ்டாண்டர்ட் கமாண்ட், எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் உருவாக வேண்டிய ஃபைலின் பெயர். ஃபைல் பெயரில் தேதி இருக்கட்டும்.

5. முடிந்ததும் சுருக்கிய ஃபைல் நல்லபடியாக விரிகிறதா என்று அதே கருவியின் டெஸ்ட் வசதியில் பாருங்கள். பிறகு 'ஷா-256-சம்' கமாண்டில் அந்த ஃபைலுக்கு ஒரு கைரேகை எடுத்துக் குறித்துவையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கும்போது அதே எண் வந்தால், ஃபைல் கெடாமல் இருக்கிறது.

6. ஒரு தடவையாவது பழைய டிஸ்க் ஒன்றில் திருப்பி எழுதிப் பாருங்கள். திரும்பி வருமா என்று பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.

கடைசியாகச் சொன்னது வேதாந்தம் இல்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். நிறுவனத்திடம் பேக்கப்புக்கு ஐந்து ஏற்பாடுகள் இருந்தன, வேண்டிய நேரத்தில் எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. சில மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது.

'இது ஆபத்தான வேலை ஆச்சே?'

நியாயமான கேள்வி. ஐஎஃப், ஓஎஃப் இரண்டையும் மாற்றிப் போட்டால், காப்பாற்ற வேண்டிய டிஸ்க்கையே டிடி அழித்துவிடும். 'டிஸ்க் டிஸ்ட்ராயர்' என்று டெக் ஆட்கள் இதைக் கிண்டல் செய்வது சும்மா இல்லை. மேலே ஓஎஃப் எழுதாமல் பைப் வழியாகச் சொன்னதற்கும் அதுதான் காரணம். பயமாக இருந்தால் 'குளோன்ஸில்லா' என்ற இலவசக் கருவி இருக்கிறது, மெனுவாகக் கேட்டுக் கேட்டுச் செய்யும். டிஸ்க்கில் ஏற்கெனவே கட்கட் என்று சத்தம் வந்தால் டிடி வேண்டாம், கெட்ட பகுதியைத் தாண்டி மீட்கும் 'டிடி-ரெஸ்க்யூ' இருக்கிறது.

பிறகு ஏன் கறுப்புத் திரையைப் பிடித்துத் தொங்க வேண்டும்? பல பேக்கப் ஆப்கள் தங்களுக்கே உரிய ஃபார்மட்டில் சேமிக்கின்றன. அந்த நிறுவனம் மூடினாலோ, சந்தா முடிந்தாலோ உங்கள் டேட்டாவைத் திறக்க அவர்களின் சாவி வேண்டும். டிடி எடுத்த இமேஜுக்கு யார் தயவும் தேவையில்லை. பத்து வருடம் கழித்து, இன்னும் பிறக்காத ஒரு லினக்ஸிலும் அது திறக்கும். அக்கவுண்ட் இல்லை, லாகின் இல்லை, நெட் இல்லை. பூண்டி மாதிரி ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இமேஜ் என்றால் எல்லாமே அதில் இருக்கும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, ஆதார் பிடிஎஃப், ஹோம்ஸ்டேக்கு வந்தவர்களின் அடையாள அட்டை நகல். அந்த ஹார்ட் டிஸ்க் பஸ்ஸில் தொலைந்தால் உங்கள் வாழ்க்கையே தொலைந்த மாதிரி. அதனால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியே வையுங்கள். மேக்கில் ஹெச்டிஐ-யுட்டிலிலேயே அந்த வசதி உண்டு. லினக்ஸில் ஜிபிஜி. சுருக்கிய பிறகுதான் பூட்ட வேண்டும், முதலில் பூட்டினால் சுருங்காது. அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் உங்களுக்கும் கதவு திறக்காது.

இது தனி ஆள் பொறுப்பு மட்டுமா?

இல்லை என்றே நினைக்கிறேன். 2011-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது அது. இந்தக் கட்டுரையில் சொன்ன டிடியும் ஜிஜிப்பும் லினக்ஸ் என்ற வகையில் அதிலும் இருந்தவைதான். மெஷின் கைக்கு வந்தது. அதில் இருப்பதைக் காப்பாற்றும் பழக்கத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இனி லேப்டாப் கொடுக்கும்போது, தமிழில் ஒரு பக்கம், பேக்கப் எப்படி எடுப்பது என்று சேர்த்துக் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்? பள்ளி, ஊராட்சி அலுவலகம், இ-சேவை மையம் என்று மலைக்கிராமத்தில் கம்ப்யூட்டர் இருக்கிற எல்லா இடத்திலும் மாதம் ஒரு இமேஜ் எடுக்க ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் போதும்.

அவசரமும் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய லேப்டாப்பை லினக்ஸுக்கு மாற்றுகிறவர்கள், புது மெஷின் வாங்குகிறவர்கள், எதைச் செய்வதற்கு முன்பும் பழைய டிஸ்க்கை ஒரு இமேஜ் எடுத்துவிடுங்கள். மாற்றிய பிறகு 'அந்த ஃபோல்டர் எங்கே?' என்று தேடுவதைவிட இது எளிது.

பிரதி இல்லாததன் விலை தமிழர்களுக்குப் புதிதில்லை. 1981 ஜூன் 1 அதிகாலையில் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதில் அடக்கம். 2005-ல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களைத் தேடித்தேடி ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறது என்றால், அதன் பின்னால் அந்த நெருப்பின் நினைவும் இருக்கிறது.

போட்டோகிராஃபர் பீட்டர் க்ரோக் சொல்லிப் பிரபலமான '3-2-1' விதியை மனதில் வைத்துக்கொண்டால் போதும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில். பூண்டியில் இருப்பவருக்கு இதன் அர்த்தம்: லேப்டாப்பில் ஒன்று, வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் சுருக்கிய இமேஜ் ஒன்று, இன்னொரு டிஸ்க் கொடைக்கானலிலோ வத்தலக்குண்டிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டு பீரோவில். நெட் கிடைக்கிறபோது முக்கியமான ஃபைல்களை மட்டும் கிளவுடிலும் போடுங்கள். அதற்குக் கிளவுட் நல்ல இடம்.

புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டை விளைவிக்கிறவர்கள் அறுவடை முழுவதையும் வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்புவதில்லை. என்ன விலை போனாலும் அடுத்த போகத்துக்கு விதைப்பூண்டை எடுத்துவைத்துவிட்டுத்தான் மீதியை விற்பார்கள். லேப்டாப்புக்கும் அதே கணக்குதான். இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கி, முதல் இமேஜை எடுத்துவிடுங்கள்.